பர்ன்ஸுக்கு 12 மைல் தெற்கே

ரெண்டு வருஷமா சனிக்கிழமை காலைல மூணு மணி நேரம் ஒரு ஹெர்பேரியத்துல உக்காந்து லேபிள் டைப் அடிக்கிறேன். சம்பளம் கிடையாது, வாலன்டியர் வேலை. அமெரிக்காவோட ஓரிகான் மாநிலத்துல ஒரு யுனிவர்சிட்டி கட்டடத்துக்குள்ள ஜன்னல் இல்லாத பெரிய ரூம், ரெண்டு பக்கமும் ஆளுயர இரும்பு பீரோ, உள்ள கட்டுக் கட்டா காஞ்ச செடிங்க, கதவத் தொறந்தா பழைய பேப்பரும் வைக்கோலும் கலந்த ஒரு வாசம் வரும், அந்த வாசம் இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

ஹெர்பேரியம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: செடிய எடுத்து நியூஸ்பேப்பர் நடுவுல வச்சு, மரச்சட்டத்துல இறுக்கிக் கட்டி, காயவிட்டு, 29க்கு 42 சென்டிமீட்டர் சைஸ் இருக்குற கெட்டித் தாள்ல ஒட்டி, கீழ ஒரு மூலைல லேபிள் ஒட்டுவாங்க. என்ன செடி, எங்க எடுத்தது, என்னிக்கு, எவ்வளவு உயரத்துல, யார் எடுத்தாங்க, அவங்க எடுத்ததுல எத்தனாவது செடி. அவ்வளவுதான் விஷயம். ஈரமும் வண்டும் அண்டாம பாத்துக்கிட்டா இருநூறு வருஷம்கூட அப்படியே இருக்கும். வண்டு பயம் ரொம்ப உண்டு, அதனால வெளிய இருந்து எந்தக் கட்டு வந்தாலும் மொதல்ல சில நாள் ஃப்ரீசர்ல போட்டுட்டுத்தான் ரூமுக்குள்ளயே விடுவாங்க.

போன வருஷம் மார்ச்ல எனக்கு வந்த கட்டுல ஒரு பிட்டர்ரூட் ஷீட் இருந்துச்சு. அறிவியல் பேர் லூயிசியா ரெடிவைவா. அமெரிக்காவோட மேற்குப் பக்கம், செடி கொடின்னு பெருசா எதுவும் நிக்காத காஞ்ச மேட்டு நிலத்துல, ஹை டெசர்ட்னு சொல்றாங்களே அங்க, கல்லுக்கு நடுவுல தரையோட தரையா பூக்குற பூ. ஷீட்ல மூணு செடி. ஒண்ணோட வேர நீளவாக்குல ரெண்டாப் பொளந்து வச்சிருந்தாங்க, வெளித்தோல் செங்காவி நிறம், உள்ள வெள்ளை. இலையெல்லாம் நூல் மாதிரி சுருங்கிப்போயிருந்துச்சு. ரெண்டு பூ. இதழ் எவ்வளவு மெல்லிசுன்னா, பின்னாடி இருக்குற தாளோட நாரே அது வழியாத் தெரியுது. எப்பவோ ரோஸ் கலரா இருந்தது இப்ப டிக்காஷன் சிந்தின கறை மாதிரி ஆயிருச்சு, ஒரே ஒரு இதழ்ல மட்டும், மடிஞ்சு வெளிச்சம் படாம இருந்த ஓரத்துல, ஒரு நகக்கீறல் அளவுக்கு ரோஸ் மிச்சம் இருந்துச்சு.

லேபிள் டைப்ரைட்டர்ல அடிச்சது, 1930-கள்ல ஒரு ஜூன் மாசம். பர்ன்ஸுக்கு 12 மைல் தெற்கே, பாறை மேடு, மண் ரொம்ப மெல்லிசு, 4,300 அடி. பர்ன்ஸ்ங்கிறது கிழக்கு ஓரிகான்ல ஒரு சின்ன ஊர். அதுக்குக் கீழ பென்சில்ல, கையெழுத்துல, ஒரு வரி: மேகம் போட்டா பூ விரியறதில்ல.

அந்த ஒரு வரில என் கை நின்னுருச்சு. ஏன்னா நான் அதுவரைக்கும் அடிச்ச ஆயிரக்கணக்கான லேபிள்ல பாதிக்கு மேல ஊர் பேரும் தேதியும் தவிர ஒண்ணும் இருக்காது, சிலதுல 'கிழக்கு ஓரிகான்' அப்படின்னு மட்டும் போட்டு முடிச்சிருப்பாங்க. இவரு அப்படிப் பண்ணல. மேகம் போட்டா விரியலன்னு எழுதணும்னா, மேகம் போட்டப்பவும் அங்க இருந்திருக்கணும், விலகுனப்பவும் அங்க இருந்திருக்கணும். வந்தோம் புடுங்குனோம்னு கிளம்பாம, ஒரு கல்லு மேல உக்காந்து காத்திருந்திருக்காரு.

இந்தப் பூவோட பேருக்கே ஒரு ஹெர்பேரியம் ஷீட்தான் காரணம். மெரிவெதர் லூயிஸ், அமெரிக்க அரசாங்கம் மேற்குப் பக்கத்த ஆராய அனுப்பின லூயிஸ் அண்ட் கிளார்க் பயணத்துல பசிபிக் கடல் வரைக்கும் போயிட்டுத் திரும்புற வழில, 1806 ஜூலை 1 அன்னிக்கு இப்ப மொன்டானால லோலோங்கிற ஊர் இருக்குற இடத்துக்குப் பக்கத்துல இத எடுத்தாரு. காயவச்ச செடி பிலடெல்பியா வந்து சேர்ந்து, 1807-ல ஃபிரெடரிக் பர்ஷ்ங்கிற தாவரவியலாளர் கைக்குப் போச்சு. அந்தக் கட்டுல இருந்து வேரோட இருந்த ஒரு செடிய எடுத்து பெர்னார்ட் மக்மஹோன்னு ஒரு தோட்டக்காரர் மண்ணுல நட்டுப் பாத்தாரு, அது துளிர்த்துருச்சு. ஒரு வருஷத்துக்கு மேல வளந்துச்சு, அப்புறம் என்னமோ ஆகி, பூக்குறதுக்குள்ள போயிருச்சு, பூ பாக்கக் குடுத்து வைக்கலன்னு பர்ஷே எழுதி வச்சிருக்காரு. ரெடிவைவான்னா மறுபடி உசுரு வந்ததுன்னு அர்த்தம். லூயிஸ் 1809-லயே இறந்துட்டாரு, தன் பேர்ல ஒரு செடி இனமே இருக்குன்னு அவருக்குத் தெரியாது, பர்ஷ் புத்தகம் லண்டன்ல வந்தது 1813 கடைசில.

இதுக்கு மேல ஒண்ணு நடந்துச்சு. அமெரிக்காவுக்கும் அதுக்கு வடக்க இருந்த பிரிட்டிஷ் பகுதிக்கும் எல்லை அளக்கப் போன கமிஷன்ல டாக்டரா இருந்த டேவிட் லயல் பிரிட்டிஷ் கொலம்பியால இந்தச் செடிய எடுத்தப்ப, இது லேசுல சாகாதுன்னு தெரிஞ்சே, கொதிக்கிற தண்ணில முக்கி எடுத்துட்டுத்தான் காயவச்சாரு. சதைப்பத்துள்ள செடிகளுக்கு அப்படிப் பண்றது வழக்கம்தான், இல்லன்னா பேப்பர் நடுவுலயே வளந்துக்கிட்டு இருக்கும். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறமும் அதுல உசுரு இருக்குற அறிகுறி தெரிஞ்சு, லண்டன்ல இருக்குற கியூ தாவரவியல் தோட்டத்துல நட்டு, 1863 மே மாசம் பூத்தே பூத்துருச்சு. இத முதல் தடவ படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. அதுல இருந்து எந்த ஷீட்டக் கையில எடுத்தாலும் கொஞ்சம் மெதுவாத்தான் எடுக்குறேன்.

லூயிஸ் செடிகளும் பாடாப்பட்டுத்தான் தப்பிச்சிருக்கு. பர்ஷ் கொஞ்சத்த லண்டனுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு, அது லாம்பர்ட்ங்கிறவரோட சேகரிப்புல சேர்ந்து, 1842-ல ஏலத்துக்கு வந்து, எட்வர்ட் டக்கர்மேன்னு ஒரு அமெரிக்கர் வாங்கி, 1856-ல பிலடெல்பியா அகாடமி ஆஃப் நேச்சுரல் சயின்சஸுக்குக் குடுத்தாரு. மிச்சம் எங்கன்னே யாருக்கும் தெரியாம கெடந்துச்சு, 1896-ல தாமஸ் மீஹன்னு ஒரு தாவரவியலாளர் தேடிப் போய் அதே ஊர்ல இருக்குற அமெரிக்கன் ஃபிலசாஃபிக்கல் சொசைட்டில கண்டுபிடிச்சாரு. ஒரே ஊருக்குள்ள இருந்த பண்டம், தொண்ணூறு வருஷம் கழிச்சுத்தான் வெளிய வந்துச்சு.

இப்ப நான் சொல்ல வர்ற விஷயத்துக்கு வரேன். லூயிஸோட ஷீட்ல பர்ஷ் எழுதின குறிப்புல இடமும் தேதியும் இருக்கு, இதோட வேர 'இந்தியர்கள்', அதாவது அமெரிக்கப் பூர்வகுடிங்க, சாப்பிடுறாங்கன்னும் இருக்கு. யாரு, என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க, எப்பத் தோண்டுவாங்க, எப்படி சமைப்பாங்க, ஒரு வார்த்தை கிடையாது. ஆனா லூயிஸ் இத அவங்க மூலமாத்தான் தெரிஞ்சுக்கிட்டாரு. 1805 ஆகஸ்ட்ல ஷோஷோனிங்கிற பூர்வகுடி ஆளுங்ககிட்ட இருந்து வந்த காஞ்ச வேர வேகவச்சு வாயில போட்டுப் பாத்து, கசப்பு தாங்காம, அத விரும்பித் தின்னவங்ககிட்டயே குடுத்துட்டேன்னு தன் நாட்குறிப்புல எழுதியிருக்காரு. தோண்டத் தெரிஞ்சவங்க பூக்குறதுக்கு முன்னாடியே தோண்டிருவாங்க. அப்ப மேல்தோல் விரலால உருவினா கழண்டு வந்துரும், கசப்புல பெரும்பங்கு அந்தத் தோல்லதான் இருக்கு. பூத்த பிறகு தோல் ஒட்டிக்கும். அந்தப் பக்குவம் எந்த லேபிள்லயும் இல்ல, அம்மா பொண்ணுக்குச் சொல்லி, பொண்ணு பேத்திக்குச் சொல்லி வந்தது.

மொன்டானால பிட்டர்ரூட் பள்ளத்தாக்குன்னு இந்தச் செடி பேரையே வச்சிருக்குற ஊரு சேலிஷ்ங்கிற பூர்வகுடி மக்களோட ஊரு. அவங்க தலைவர் சார்லோ கடைசி வரைக்கும் போகமாட்டேன்னு நின்னு பாத்தாரு, 1891-ல அவங்கள அங்க இருந்து வடக்க ஃபிளாட்ஹெட் ரிசர்வேஷனுக்கு, பூர்வகுடிங்களுக்குன்னு அரசாங்கம் ஒதுக்கின நிலத்துக்கு, அனுப்பிட்டாங்க. நாலே வருஷத்துல, 1895-ல, மொன்டானா அதே பூவ மாநிலப் பூவா அறிவிச்சுது. இந்த ரெண்டு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்குது. இங்க ஓரிகான்லயும் இதே கதைதான். ஹார்னி பள்ளத்தாக்கச் சுத்தி இருந்த பையூட்ங்கிற பூர்வகுடி மக்கள 1879 ஜனவரி பனில வாஷிங்டன் மாநிலத்துல இருக்குற யாக்கமா வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வந்தவங்க பிள்ளைங்க பர்ன்ஸ் ஊர் ஓரத்துல இன்னிக்கும் இருக்காங்க, வசந்த காலத்துல ஊருக்குக் கிழக்க ஸ்டிங்கிங்வாட்டர் மலைப்பக்கம் போய் வேர் தோண்டுறது அவங்க வழக்கம். வார்ம் ஸ்பிரிங்ஸ் ரிசர்வேஷன்ல வேருக்குன்னே ஒரு விருந்து உண்டு, அது முடிஞ்சாத்தான் அந்த வருஷ வேர எல்லாரும் எடுக்கலாம், அமெரிக்க அரசாங்கத்தோட போட்ட 1855 ஒப்பந்தத்துலயே கிழங்கும் பழமும் சேகரிக்கிற உரிமைய எழுதி வாங்கியிருக்காங்க. எங்க பீரோல இருக்குற பழைய ஷீட்டுகள்ல இவங்க யாரோட பேரும் இல்ல. வழிகாட்டினவங்க இருந்திருப்பாங்க, இந்த மேட்டுல நிறைய இருக்குன்னு கை நீட்டிக் காட்டினவங்க இருந்திருப்பாங்க, ஆனா சேகரிச்சவர்ங்கிற கட்டத்துல ஒரே ஒரு பேருக்குத்தான் இடம்.

சரி, என் ஷீட்டுக்குத் திரும்பி வரேன். லேபிள் டைப் அடிச்சா மட்டும் போதாது, அந்த இடத்துக்கு அட்சரேகை தீர்க்கரேகை போடணும், ஜியோரெஃபரன்ஸ்னு பேரு. இதே ஷீட்டுக்கு முன்னாடி யாரோ அவசரத்துல மேப்ல ஒரு பின் போட்டிருந்தாங்க, அது பர்ன்ஸ் இருக்குற ஹார்னி கவுன்ட்டியோட (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நட்ட நடுவுல விழுந்திருந்துச்சு. அந்தக் கவுன்ட்டி 10,000 சதுர மைலுக்கு மேல. நடுவுல ஒரு புள்ளி வச்சா யாருக்கு என்ன பிரயோஜனம்?

12 மைல்ங்கறதுலயும் கேள்வி இருக்கு. எங்க இருந்து 12 மைல், ஊர் நடுவுல இருந்தா, ஊர் எல்லைல இருந்தா? வண்டி மீட்டர்ல காட்டினதா, மேப்ல ஸ்கேல் வச்சு அளந்ததா? 1930-கள்ல இருந்த ரோடு இப்ப இருக்குற ரோடு கிடையாது, வளைவெல்லாம் நிமித்திட்டாங்க. அதனால ஒரு புள்ளியும், அதச் சுத்தி இத்தனை கிலோமீட்டர் தப்பா இருக்கலாம்னு ஒரு வட்டமும் சேத்துப் போடுவோம். எனக்கு உதவுனது ரெண்டு விஷயம், 4,300 அடி, பாறை மேடு. பர்ன்ஸ் ஊரும் தெற்க இருக்குற சமவெளியும் கிட்டத்தட்ட 4,100 அடி, ஆக 200 அடி உயந்து நிக்குற இடமாத் தேடணும். அங்க அந்த மாதிரி மேடு உண்டு. ரைட்ஸ் பாயின்ட்னு ஒண்ணு, பாம்பு மாதிரி வளைஞ்சு நீளமாப் போகும், ஒரு காலத்துல ஆத்துப் பள்ளமா இருந்த இடத்துல லாவா ஓடி இறுகி, சுத்தி இருந்த மெது மண்ணெல்லாம் அரிச்சுப்போக, பள்ளம் மேடாயிருச்சு. அதோட ஒரு பக்கத்தையும் சேத்து இன்னும் ரெண்டு மேடு என் வட்டத்துக்குள்ள வந்துச்சு.

மொத்த பிட்டர்ரூட் ரெக்கார்டையும் மேப்ல போட்டுப் பாத்தப்ப இன்னொண்ணு கவனிச்சேன், புள்ளியெல்லாம் ஹைவே ஓரமாவே வரிசை கட்டி நிக்குது. செடி ரோட்டோரத்துல மட்டும் வளராதுல்ல, வண்டிய நிறுத்தி எறங்குன எடத்துலதான் ஆளுங்க எடுத்திருக்காங்க. புள்ளி இல்லாத எடத்துல செடி இல்லன்னு அர்த்தமே கிடையாது, அங்க யாரும் போகலன்னுதான் அர்த்தம். வெறும் புள்ளிய மட்டும் வச்சு முடிவு எடுக்குறவங்க இத மறந்துடக் கூடாது.

ஜூன் மொத வாரம் கிளம்பிட்டேன். அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தாங்க, அவங்களையும் கூட்டிட்டு. பெண்ட்ங்கிற ஊரத் தாண்டினா பர்ன்ஸுக்கு 130 மைல், பிரதர்ஸ், ஹாம்ப்டன், ரைலின்னு வழில பேருக்கு மூணு ஊரு, மத்தபடி சேஜ்பிரஷ் புதருதான் ரெண்டு பக்கமும், சாம்பல் பச்சையா, கண்ணுக்கெட்டுற வரைக்கும். தூரத்துல ஸ்டீன்ஸ் மலை மேல பனி. அம்மா ரொம்ப நேரம் பேசாம வந்தாங்க, அப்புறம் "ஏம்ப்பா, இந்தப் பொட்டக்காட்டுலயா பூ இருக்குங்கிற"ன்னு கேட்டாங்க. இருக்கும்மான்னு சொன்னேன். மனசுக்குள்ள எனக்கே நிச்சயமாத் தெரியல.

மறுநாள் காலைல எட்டு மணிக்கெல்லாம் மொத மேட்டுக்கு ஏறிட்டோம், ஒண்ணுமில்ல. சரிவு முழுக்க சீட்கிராஸ், வெளிய இருந்து வந்த புல்லு, ஜூன்லயே செவந்து காய ஆரம்பிச்சிரும், ஒரு தீப்பொறி போதும், எரிஞ்ச எடத்துல மறுபடி அதுதான் மொதல்ல மொளைக்கும், சேஜ்பிரஷ் திரும்ப வர்றதுக்குள்ள அடுத்த தீ வந்துரும். ரெண்டாவது மேட்டு உச்சில மண்ணே இல்ல, சல்லிக்கல்லும் பசால்ட்ங்கிற எரிமலைப் பாறையும்தான், அங்க சீட்கிராஸ் அவ்வளவா ஏறல. பாத்த உடனே இதுதான் அந்த எடமா இருக்கணும்னு தோணுச்சு. ஒன்றரை மணி நேரம் குனிஞ்சு குனிஞ்சு நடந்தேன். ஒண்ணும் கண்ணுல படல. வானம் முழுக்க மூடி, காத்து ஊசியாக் குத்துது, அம்மா சால்வையப் போத்திக்கிட்டு மடக்கு சேர்ல உக்காந்திருந்தாங்க. இங்க இருந்தது எப்பவோ போயிருச்சுன்னு நெனச்சு, கிளம்பலாம்மான்னு சொல்ல வாயெடுத்தேன், அப்பத்தான் அந்த பென்சில் வரி ஞாபகம் வந்துச்சு.

இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பாப்போம்மான்னு சொல்லிட்டு நானும் ஒரு கல்லு மேல உக்காந்துட்டேன்.

பத்தே முக்காலுக்கு மேகம் விலகுச்சு. பதினஞ்சு நிமிஷம் இருக்கும், "தம்பி, இங்க வா, என் காலுகிட்ட பாரு"ன்னு அம்மா கூப்பிட்டாங்க. சேர் காலுக்கு ஒரு சாண் தள்ளி, சல்லிக்கல்லுக்கு நடுவுல, காஞ்ச சருகுன்னு நான் தாண்டிப்போன ஒரு முனை பிரிஞ்சுக்கிட்டு இருக்கு. வெளிய சுத்தியிருந்த தாள் மாதிரி புல்லிதழ் விலகி, உள்ள ரோஸ். காம்பு ஒரு இஞ்ச்கூட இல்ல, இலை வாடிக் காஞ்சு தரையோட கெடக்கு, வெறும் கல்லுல இருந்து பூ மட்டும் வந்த மாதிரி. நான் குப்புறப் படுத்து எண்ணிப் பாத்தேன், 15 இதழ், அடில வெளுத்து நுனில அடர்ந்து, நடுவுல மகரந்தக் கம்பியெல்லாம் ரோஸ், பூ என் உள்ளங்கைல பாதி இருந்துச்சு. நிமிர்ந்தா மேடு முழுக்க. நான் ஒன்றரை மணி நேரம் நடந்த தடமெல்லாம் பூ. எத்தனைய மிதிச்சேனோன்னு பதறிப்போய், அதுக்கு மேல நகரவே கால் வரல, நின்ன எடத்துல இருந்தே எண்ணினேன், இருநூறுக்கு மேல போனதும் விட்டுட்டேன். அம்மா சேர விட்டு எறங்கி தரைல உக்காந்து, காய்ஞ்ச இலைல ஒண்ண விரல்ல நிமிண்டிப் பாத்துட்டு, பச்சையா இருந்தப்ப பருப்புக்கீரை மாதிரி சதையா இருந்திருக்கும் போலன்னாங்க. அவங்களுக்கு யாரும் சொல்லல, ஆனா இந்தச் செடிய ரொம்ப காலம் பருப்புக்கீரைக் குடும்பத்துலதான் வச்சிருந்தாங்க, பிறகுதான் மொன்டியேசியேன்னு தனிக் குடும்பத்துக்கு மாத்தினாங்க.

ஒரு செடியக்கூட எடுக்கல. வேரோட எடுத்தா செடி போச்சு, பொது நிலத்துல எடுக்க பர்மிட் வேணும், அதெல்லாம் விட, இது ஒரு ஜனத்தோட சாப்பாடு. போட்டோ எடுத்து, ஜிபிஎஸ் குறிச்சு, மேட்டோட எந்தப் பக்கம், கூட என்னென்ன செடி இருந்துச்சு, எத்தனை மணிக்கு மேகம் விலகி எத்தனை மணிக்கு மொத பூ விரிஞ்சுதுன்னு எல்லாத்தையும் நோட்ல எழுதிக்கிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஹெர்பேரியம் சேகரிப்பப் பாத்துக்குற பெண்மணிகிட்ட நோட்டக் காட்டினேன். எழுபது வயசு இருக்கும், முப்பது வருஷத்துக்கு மேல அந்த ரூம்லயே இருக்காங்க. முழுசாப் படிச்சுட்டு, புது ஷீட் தேவையில்ல, பழசுலயே ஒரு சீட்டு ஒட்டிரலாம்னாங்க. வழக்கமா செடியோட பேர் மாறினா ஒட்டுற சின்னச் சீட்டு அது. ஏற்கனவே அந்த ஷீட்ல ஒண்ணு இருந்துச்சு, குடும்பம் மாத்தினதுக்கு. என்னையே எழுதச் சொன்னாங்க. அழியாத மையில, எழுத்து எவ்வளவு சின்னதா வருமோ அவ்வளவு சின்னதா எழுதினேன்: அதே மேடு, தேதி, அட்சரேகை தீர்க்கரேகை, 200 செடிக்கு மேல், முதல் பூ காலை 11 மணிக்கு, மேகம் விலகிய பின். இன்னும் அர அங்குலம் எடம் இருந்துச்சு. இங்க உள்ள பையூட் மக்கள் இதன் வேரை வசந்தத்தில் தோண்டி உண்பர்னு சேத்தேன். அவங்க படிச்சுப் பாத்து தலையாட்டிட்டு, பசைய மெல்லிசாத் தடவி, பென்சில் வரிய மறைக்காம அதுக்கு நேர் கீழ ஒட்டி, மேல ஒரு மெழுகுத்தாள், அது மேல மணல் பை வச்சு, காயுற வரைக்கும் யாரும் தொடாதீங்கன்னு டேபிள் ஓரமாத் தள்ளி வச்சாங்க.